பிள்ளையாருக்கு முன்னால் ஒரு வேலி

எங்கள் கடையில் டீ சொல்வதே ஒரு சடங்கு. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, முதல் மாடியில், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. நான்தான் முதலாளி. என்னையும் சேர்த்து ஆறு பேர். நான் டீ சொன்னால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஆறு டீ என்று கத்துவேன். வேலை முடிந்தது. என்னிடம் வேலை பார்த்த அந்த அம்மா சொன்னால் கீழே இருக்கிற டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுப்பார். சர்க்கரை இல்லாமல் ஒன்று. அரைச் சர்க்கரையில் டிகாஷன் தூக்கலாக ஒன்று. டீயே வேண்டாம், வெறும் பால் ஒன்று. இதெல்லாம் முடிந்த பிறகுதான், "மத்ததெல்லாம் சாதா" என்பார். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

அந்த அம்மாவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் போன் வரும். என் பேரை எதற்குப் போட்டீர்கள் என்று ஆரம்பித்து, கடையில் இருக்கிற ஒவ்வொருவரையும், அவர் மனைவியையும், அவர் மாமியாரின் முட்டி வலியையும் தனித்தனியாக விசாரித்து முடிப்பதற்குள் என் போன் அடுப்புக்கல் மாதிரி சூடாகிவிடும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அப்போதும் கிடையாது.

எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நாற்பது வயசு, கிட்டத்தட்ட என் வயசுதான். டைப் அடிக்க ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்தேன், அதைப் பார்த்துவிட்டு வந்தார். ஆறே மாதத்தில் எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லித்தரவில்லை. பஸ்ஸில் போகிற நேரம், வருகிற நேரம் எல்லாம் போனில் படித்தார். மற்றவர்கள் அந்த நேரத்தில் சீரியல் பார்ப்பார்கள், இல்லையென்றால் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் தூங்குவார்கள். எனக்கு அவரால் பெருமையும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன நஷ்டம்?

அவர் யாரையும் மொத்தமாகச் சேர்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அதுதான் அவர். கடையில் ஒருத்தர் தாமதமாக வந்தால் நான் ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டுவேன். எனக்கு அது சௌகரியம், ஒரே மூச்சில் முடிந்துவிடும். அவர் குறுக்கே வருவார். "லேட்டா வந்தது ஒருத்தருங்க. மீதி நாலு பேரு இன்னா பண்ணாங்க?" வாஸ்தவம்தான். ஆனால் கோபத்தில் இருக்கிறவனிடம் யாராவது வாஸ்தவம் பேசுவார்களா? தீபாவளிக்கு ஆளுக்கு அரைக் கிலோ மிக்சர் என்று நான் முடிவு செய்தால், ஒருத்தருக்குப் பல் இல்லை, அவருக்கு அல்வா, இன்னொருத்தர் வீட்டில் சின்னக் குழந்தை, அங்கே காரம் ஆகாது என்று ஒரு காகிதத்தோடு வந்து நிற்பார். அந்தக் காகிதத்திலும் கடைசி வரி, 'மற்றவர்களுக்கு மிக்சர்'.

இப்படி இருக்கும்போதுதான் கல்வராயன் மலை வேலை வந்தது. மலை விவசாயிகள் சங்கம் ஒன்று. சாமையும் கடுக்காயும் புளியும் கொள்முதல் செய்கிறார்கள். எந்த ஊருக்கு எந்த நாள் வண்டி வரும் என்று தெரியாமல் ஜனங்கள் மூட்டையோடு ரோட்டோரம் காத்துக் கிடந்தார்கள். அதற்காக ஒன்பது ஊரில் ஒவ்வொரு திரை, திரைக்குப் பின்னால் கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. வெள்ளிமலையில் மட்டும் ஒரு பெரிய பெட்டி. கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து நாங்கள் தகவல் போட்டால் மலையில் தெரிய வேண்டும். மூன்று மாதம் சோதனை. பிடித்துப்போனால் வெள்ளிமலையில் ஒரு அறை எடுத்து, ஒரு ஆளை நிரந்தரமாக அங்கேயே வைப்பார்கள். பிடிக்காவிட்டால் ஒன்பதையும் கழற்றி மூட்டை கட்டிக்கொண்டு நாங்கள் இறங்க வேண்டியதுதான்.

பெட்டிகளை மாட்டுவதற்குப் போனோம். கச்சிராயபாளையத்தில் ஜீப். முதலாளி என்கிற உரிமையில் முன் சீட்டில் ஒரு காலை வைத்தேன். இறங்கச் சொல்லிவிட்டார். முதலில் யார் யாருக்கு மலைப்பாதையில் வாந்தி வரும், கையைத் தூக்குங்கள் என்றார். இரண்டு பேர் தூக்கினார்கள், முன்னால் உட்கார்ந்தார்கள். அடுத்து இடுப்பு வலிக்காரர், அவர் கதவோரம். "மத்தவங்க பின்னாடி." மத்தவங்க என்றால் நான்தான். ஒயர்ச் சுருளுக்கும் திரைப் பெட்டிகளுக்கும் நடுவில் முழங்காலை மோவாயில் முட்டிக்கொண்டு போனேன். நாலாவது கொண்டை ஊசி வளைவில் யாருக்கு வாந்தி வந்தது என்று நினைக்கிறீர்கள்? முன் சீட்டில் இருந்த இரண்டு பேரும் கரும்பு கடித்துக்கொண்டு ஜாலியாக வந்தார்கள். அப்போதே ஏன் கையைத் தூக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே அவர் என்னிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். முதலாளி எப்படிக் கை தூக்குவது? ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் சிரித்த சிரிப்பில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

வெள்ளிமலையில் ஒரு விவசாயி வீட்டில் தங்கினோம். மறுநாள் வேலையெல்லாம் முடிந்து இறங்கும்போது, இந்த முறை நான் முன் சீட்டில், அவர் எனக்குப் பக்கத்தில். வழி நெடுக மலையையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அதைப் பார்த்து எனக்குப் பயம், வேலையை விட்டு நிற்கப்போகிறாரோ என்று. கரியாலூர் தாண்டியதும் சொன்னார்.

"அந்த வூட்டு அம்மா எங்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. ஒனக்கு சாமைச் சோறு புடிக்குமா, களி புடிக்குமான்னு. எனக்கு எது புடிக்கும்னு எனக்கே தெரியலீங்க. எங்க வூட்ல பதினோரு பேரு. கண்ணாலம் ஆயி இருவது வருசத்துல ஒரு ஆளுகூட இதக் கேட்டதில்ல."

அந்தப் பதினோரு பேருக்கும் யாருக்கு உப்புக் கம்மி, யாருக்குக் காரம் ஜாஸ்தி என்று பார்த்துச் சமைக்கிறவர் இவர்தான். கணவர் லாரி ஓட்டுகிறார், பத்து நாளைக்கு ஒருதரம் வருவார், தங்கமான மனுஷர். மகள் கடலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாமியார், இரண்டு மச்சினர் குடும்பம் எல்லாம் ஒரே வீட்டில். வெள்ளிமலை வேலை உறுதியானால் அதைத் தனக்குத் தரும்படி கேட்டார். என்னிடம் அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். சரி என்றேன். சரி என்று சொன்ன வாய்க்குள் ஒரு கசப்பு. இவர் போய்விட்டால் என் கடையை யார் பார்ப்பார்கள்? அன்று முழுக்க அந்த எரிச்சலை டிரைவர் மேல் காட்டினேன், பாவம்.

இனி அந்த ஃபைலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்த விஷயம்தான். எஸ்எஸ்எச் என்று ஒரு வழி இருக்கிறது. இங்கே உட்கார்ந்துகொண்டு எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்குள் பூட்டுச் சாவியோடு நுழைந்து வேலை பார்க்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் நீளமாக ஒரு எண் முகவரி, ஒரு பயனர் பெயர், ஒரு வாசல் எண், ஒரு சாவி. தினமும் இத்தனையையும் அடித்தால் விரல் தேய்ந்துவிடும். அதனால் கான்ஃபிக் என்று ஒரு ஃபைலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு செல்லப்பெயர் எழுதி வைத்துவிட்டார். மலை-இன்னாடு, மலை-சேராப்பட்டு, மலை-கிளாக்காடு. செல்லப்பெயரை அடித்தால் போதும், மற்றதை அந்த ஃபைல் பார்த்துக்கொள்ளும்.

அந்த ஃபைலைத் திறந்தால் அவரையே திறந்த மாதிரி இருக்கும். இன்னாட்டுப் பெட்டிக்கு வாசல் எண் வேறு. சேராப்பட்டுப் பெட்டி பழசு, அதற்குப் பயனர் பெயர் வேறு. கிளாக்காட்டில் சிக்னல் விட்டு விட்டு வரும், பேச்சுக் கொடுக்காவிட்டால் இணைப்பு அறுந்துவிடும், அதனால் முப்பது விநாடிக்கு ஒருதரம் இருக்கிறாயா, இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும்படி அதற்கு ஒரு வரி. ஒவ்வொரு ஊரையும் அதனதன் கோளாறோடு எழுதி முடித்த பிறகு, கடைசியில், மலை என்று போட்டு, ஒரு கோடு இழுத்து, ஒரு ஸ்டார். மலை என்று ஆரம்பிக்கிற எல்லாப் பெயருக்கும் பொதுவான விதி அதற்குக் கீழே. எல்லாரும் வெள்ளிமலைப் பெரிய பெட்டி வழியாகப் போகணும், எல்லாருக்கும் இந்தச் சாவி, இந்த வாசல், இந்தப் பயனர்.

அந்த ஸ்டாரைப் பார்த்ததும் எனக்குக் குஷி தாங்கவில்லை. ஆறு டீ என்று கத்துகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? மலை-ஸ்டார் என்று அடித்தேன். ஒன்பது ஊரும் ஒரே சமயத்தில் ஓடி வரும் என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஒரு பிழைச் செய்தி வந்தது. அவர் சிரிக்காமல் சொன்னார். ஸ்டார் யாரையும் கூப்பிடாதாம். நாம் கூப்பிட்ட பெயர் அதற்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்க்குமாம்.

அதோடு விட்டேனா? எல்லாருக்கும் பொதுவான விதி கடைசியில் கிடப்பது எனக்கு உறுத்தியது. கல்யாணப் பத்திரிகையில் குடும்பத்துப் பெரியவர் பெயர் மேலேதானே போடுவோம்? தாய்மாமன் பெயரைக் கீழே போட்டுவிட்டு ஊருக்குள் நடமாட முடியுமா? ஒரு மதியம் அவர் சாப்பிடப் போனபோது ஸ்டாரை மரியாதையாக மேலே கொண்டுவந்து வைத்தேன். அன்று சாயங்காலம் வரை இன்னாடு வரவில்லை, சேராப்பட்டும் வரவில்லை. காரணம் தேடி ஃபைலைத் திறந்து பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஃபைலை மேலிருந்து கீழாகத்தான் படிக்குமாம், ஒரு விஷயத்துக்கு எது முதலில் கண்ணில் படுகிறதோ அதையே பிடித்துக்கொள்ளுமாம். மேலே நின்ற ஸ்டார், எல்லாருக்கும் இந்த வாசல்தான் என்று சொல்லிவிட்டது, கீழே இன்னாட்டுக்கு வேறு வாசல் என்று எழுதியிருந்ததை யாரும் சீண்டவில்லை. "தனியா இருக்கறவங்களத் தாங்க மொதல்ல கேக்கணும்" என்றார். "பொதுவா இருக்கறது கடைசில நின்னாலும் அதும் வேல நடக்கும்." சத்தம் போடவில்லை. அப்படியே கீழே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மாதம் முடிந்தது. சங்கத்துக்காரர்கள் கள்ளக்குறிச்சியில் தங்கள் அலுவலக மாடியில் கூட்டம் வைத்தார்கள். எல்லார் முன்னாலும் நாங்கள் இயக்கிக் காட்ட வேண்டும். அவர்கள் எந்த ஊரைச் சொல்கிறார்களோ அந்த ஊர்த் திரையில் தகவல் வர வேண்டும். முந்தின நாள் மலையில் நல்ல மழை, கரண்டு போய்ப்போய் வந்தது. பெரிய பெட்டிக்குக் காவலாக அவர் வெள்ளிமலைக்குப் போய்விட்டார். கீழே நான். தொடக்கூடாதது எதையும் தொடாதீர்கள் என்று பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் தொடவில்லை. சாமி கும்பிட்டேன், அவ்வளவுதான். காலையில் லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஊதுவத்தி காட்டி, நல்லபடியாக முடியட்டும் என்று அந்தக் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து வைத்துக் கும்பிட்டேன். அவர் எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பிப்பார், ஃபைலிலும் முதல் வரி அதுதான். ஆனால் சுழிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி. குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கம்பி. அன்று அது என் கண்ணுக்கு முள்வேலி மாதிரி தெரிந்தது. நல்ல காரியம் நடக்கிற நாளில் பிள்ளையாரை வேலிக்குள் அடைத்து வைப்பதா? ஹேஷை மட்டும் அழித்தேன். சேமித்தேன். மனசு நிறைந்துவிட்டது.

கூட்டத்தில் நாற்பது பேர். எல்லாரும் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். சுவரில் பெரிதாக என் லேப்டாப் திரை தெரிகிறது. தலைவர் இன்னாட்டுக்காரர். தன் ஊர்ப் பெட்டியைக் கூப்பிடச் சொன்னார். மலை-இன்னாடு என்று அடித்தேன். ஒரு பிழை. இன்னொருதரம் அடித்தேன். அதே பிழை. சேராப்பட்டு, கிளாக்காடு, ஆரம்பூண்டி என்று ஒன்பதையும் அடித்தேன். ஒன்பதும் ஒரே பிழை. ஒன்பது ஊரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான், அன்றைக்கு அது நிறைவேறியது. பின்வரிசையில் ஒருவர், நம்ம பஸ் மாதிரிதான் இதுவும் போல, மழை பெய்தால் வராது என்றார். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என் பெயர் கெட்டால் கெட்டுப்போகட்டும். அவர் தனக்கென்று கேட்ட ஒன்றே ஒன்று, அது என் கையில் உடைகிறதே. அவரைப் போக விடாமல் இருக்க நானே இப்படிச் செய்தேன் என்று நினைத்துவிட்டால்? போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார் தலைவர்.

"இன்னா வருதுங்க? வந்தத அப்படியே படிங்க."

படித்தேன். முதல் வரியில் தப்பான கட்டளை என்று இருக்கிறது. அப்புறம் ஒரு சாய்கோடு, முந்நூற்று நாற்பது. சாய்கோடு, இருநூற்று ஐம்பத்தாறு. சாய்கோடு, இருநூற்றுப் பதினொன்று.

அந்தப் பக்கம் அவர் மூன்று எண்ணையும் வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு மூச்சு. பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. மூச்சு வாங்க வாங்க, விட்டு விட்டு, ஸ்பீக்கர் அதிர்ந்தது.

"மொத வரின்னா புள்ளையாரு. ஹேஷ எடுத்தீங்களா?"

"புள்ளையாருக்கு முன்னாடி வேலி போட்ட மாதிரி இருந்துச்சிங்க. மனசு கேக்கல."

நாற்பது பேரும் சிரித்தார்கள். ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஹேஷ் இருந்தால் அந்த வரி மனுஷர்களுக்கு, கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிவிடும். எடுத்துவிட்டால் பிள்ளையார் சுழியையும் ஒரு கட்டளை என்று நினைத்து, இது எனக்குத் தெரியாத கட்டளை, நான் ஒன்றும் செய்யமாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். அந்த மூன்று எண்ணும் அதன் பாஷையில் பிள்ளையார் சுழிதானாம். கூட்டத்துக்கு இதையெல்லாம் அவரே ஸ்பீக்கரில் சொன்னார். நான் சொந்தக் கையால் வேலியைத் திரும்பப் போட்டேன். மலை-இன்னாடு என்று அடித்தேன். கதவு திறந்தது. நாளைக் காலை எட்டு மணிக்கு வண்டி என்று அடித்து அனுப்பினேன். ஒரு நிமிஷத்துக்குள் தலைவரின் போன் அடித்தது. அவர் வீட்டம்மா இன்னாட்டிலிருந்து. எட்டு மணிக்கு வண்டி என்று போட்டிருக்கிறதே, மூட்டையைக் கட்டவா வேண்டாமா என்று கேட்டார். கூட்டம் தட்டிய கைதட்டலில் ஜன்னல் புறா பறந்தது.

சத்தத்துக்கு நடுவில் போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னேன். குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"தெரியுங்க," என்றார். "வேணும்னு பண்றதுக்கு உங்களுக்கு அது தெரிஞ்சிருக்கணுமே."

தலைவர் எழுந்தார். பெட்டி வேண்டும், ஒன்பதும் அங்கங்கே இருக்கட்டும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை, அதைப் பார்த்துக்கொள்கிறவர் வெள்ளிமலையிலேயே குடியிருக்க வேண்டும், கள்ளக்குறிச்சியில் விட்டால் இவர் சாமி கும்பிட்டே நிறுத்திவிடுவார். என்னைக் காட்டித்தான் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன், வேறென்ன செய்வது? பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்துக் குனிந்து, "வூட்ல கலந்துக்கினு நாளைக்குச் சொல்லும்மா. அவசரம் இல்ல" என்றார்.

எனக்கு அவரைத் தெரியும். மாமியாரைக் கேட்க வேண்டும், பெரிய மச்சினருக்கு ரத்தக்கொதிப்பு, அவருக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும், சின்ன ஓர்ப்படிக்கு இது இடைஞ்சலா என்று பார்க்க வேண்டும் என்று பட்டியல் வரும். பத்துப் பேரும் முடிந்த பிறகு கடைசியில் அவர். அந்தப் பட்டியலுக்காகக் காத்திருந்தேன். பட்டியல் வரவில்லை.

"கலக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்கு இங்க புடிச்சிருக்கு. நான் இருக்கறேன்."

எல்லாரும் மறுபடி கை தட்டினார்கள். நானும்தான். தட்டிக்கொண்டே அழுதேன், சிரித்த கண்ணீர் என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்துக்கொண்டார். இனிமேல் என் கடையில் அவர் இல்லை. சந்தோஷம் நெஞ்சு கொள்ளவில்லை, கூடவே அந்தப் பழைய கசப்பும். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய், மெதுவாகக் கேட்டேன், வீட்டில் இதைக் கேட்டால் ஒத்துக்கொள்வார்களா என்று.

"கேக்கப் போறதில்லீங்க," என்றார். "சாயங்காலம் போயி சொல்லப் போறேன்."